இரத்தத்திற்கு ஒரு வாயில்: கழுத்துக் குழாயா, கைப் பிஸ்டுலாவா?

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு இரத்தத்தைத் தூய்மை செய்து தரும் எந்திரம் ஒன்று உண்டு என்பதை இன்று அறியாதார் இலர். வாரம் 3 முறை அச்சிகிச்சைக்குச் சென்று வருவோர் ஒருவரையேனும் நம்மில் பலர் அறிந்திருப்போம். ஆனால், உடலினுள் ஓடும் இரத்தம் அந்த எந்திரத்திற்கு எவ்வழியே செல்கிறது, எவ்வழியே திரும்புகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நோயாளியின் அன்றாட வாழ்வைப் பெரிதும் ஆள்வது இந்த வழிதான். அவர் எப்படிக் குளிக்கலாம், எந்தப் பக்கம் படுக்கலாம், எந்தக் கையால் சுமை தூக்கலாம், காய்ச்சல் வந்தால் எவ்வளவு விரைவாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பவையெல்லாம் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

இவ்வழியை 'இரத்த வாயில்' என்று இக்கட்டுரையில் குறிப்போம். இவ்வாயில் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, கழுத்தின் பெரிய இரத்தக் குழாயினுள் செலுத்தி, மார்பின் மேற்புறத்தில் வெளியே விடப்படும் குழாய். மருத்துவமனையில் இதனைக் கதீட்டர் என்பர். மற்றொன்று, கையில் அறுவைச் சிகிச்சையால் அமைக்கப்பெறும் இரத்தக் குழாய் இணைப்பு. இதனைப் பிஸ்டுலா என்பர். இவ்விரண்டுள் எது நல்லது, ஏன் நல்லது, யாருக்கு அது ஒவ்வாது என்பனவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

எந்திரம் கேட்கும் அளவு

முதலில், சாதாரணமாக ஊசி குத்தும் இடமே ஏன் போதாது என்பதை அறிதல் வேண்டும். எந்திரம் நன்கு வேலை செய்ய, நிமிடத்திற்கு 300 மி.லி. அளவிலேனும் இரத்தம் அதனுள் ஓடுவது நல்லது. ஒரு முறை சிகிச்சை 4 மணி நேரம் என்று கொண்டால், 72 லிட்டர் இரத்தம் எந்திரத்தைக் கடந்து வரும். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரத்தமோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். எனவே, அதே இரத்தம் ஓர் அமர்வில் 14 முறைக்கு மேல் வெளியே வந்து திரும்புகிறது.

நம் உடலின் பெரிய இரத்தக் குழாய்கள் இருவகை. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்பவை தமனிகள். இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். "ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அங்கே நரம்பு எனப்படுவது சிரையே ஆகும். உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்பு வேறு. தமனியில் இரத்தம் விசையுடன் பாய்கிறது. ஆனால், அது தசைக்குள் ஆழ்ந்து கிடப்பது. அதனை அடிக்கடி குத்துதல் ஆபத்து. சிரை தோலுக்கு அடியிலேயே இருப்பது; எளிதில் குத்தலாம்; ஆனால், அதில் இரத்தம் மெல்ல ஊர்கிறது; சுவரும் மெல்லியது. எந்திரம் வேண்டுவது தமனியின் வேகமும் சிரையின் எளிமையும் ஒருங்கே அமைந்த ஒரு குழாய். இயற்கை அத்தகைய குழாயைப் படைக்கவில்லை. ஆகவே, அதனை மனிதன் அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பெயரும் பொருளும்

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளோர்க்கு இவ்விரு பெயர்களும் சுவை தருவன. கதீட்டர் என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்தது; 'உள்ளே இறக்குதல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. பிஸ்டுலா என்பது இலத்தீன் சொல். குழாய் என்றும் ஊதுகுழல் என்றும் பொருள்படுவது. தமிழிலும் குழல், குழாய் என்னும் சொற்கள் இவ்வாறே உறவுடையனவாய் நிற்றல் காண்க. மருத்துவத்தில் பிஸ்டுலா என்பது, இயல்பாக இணையாத இரண்டு இடங்கள் தம்முள் வழி திறந்துகொள்வதைக் குறிக்கும். பொதுவாக அது நோயின் பெயர். இங்கு மட்டும் நன்மை கருதி மருத்துவரே செய்து தரும் ஒன்றாக இருக்கிறது.

வாயில் தேடிய வரலாறு

தமனியும் சிரையும் ஒன்றோடொன்று இணைந்துவிடும் நிலையை, 1757ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் விளக்கினார். இரத்தம் வடித்து நோய் தீர்க்கும் வழக்கம் இருந்த காலம் அது. முழங்கை மடிப்பில் சிரையைக் கீறும்போது, அடியிலிருந்த தமனியையும் கத்தி துளைத்துவிட்டால், இரண்டும் தம்முள் கலந்து, சிரை புடைத்துத் துடிக்கத் தொடங்கும். அன்று அது கைத்தவற்றால் விளைந்த கேடாகவே கருதப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதர்க்குப் பயன்படுத்தினார். எந்திரம் இருந்தது, வாயில் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. திறக்கத்தக்க குழாய்கள் தீர்ந்தபின் சிகிச்சையும் நின்றது. ஆதலின், சில நாளில் சிறுநீரகம் தானே தேறிவிடும் நோயாளிக்கே அது உதவியது. நிலையாகச் செயலிழந்தவர்க்கு உதவவில்லை.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பார் இத்தடையை உடைத்தார். முன்கையின் தமனியில் ஒரு டெஃப்லான் குழாய், சிரையில் மற்றொன்று. சிகிச்சை இல்லாத வேளையில் இரண்டையும் தோலுக்கு வெளியே வளைந்த குழாயொன்றால் இணைத்து, இரத்தம் இடையறாது ஓடச் செய்தார். முதன்முதல் இவ்வாறு சிகிச்சை பெற்றவர் 10 ஆண்டுக்கும் மேலாக உயிர் வாழ்ந்தார். ஆனால், குழாய் தோலுக்கு வெளியே இருந்தமையால் கிருமி தொற்றுவதும், இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் ஓயாத தொல்லையாயின. 1961ஆம் ஆண்டில் இலண்டனில் ஸ்டான்லி ஷால்டன், தொடையின் பெரிய இரத்தக் குழாயினுள் கதீட்டரைச் செலுத்திச் சிகிச்சை செய்தார். இன்றைய கழுத்துக் குழாயின் முன்னோடி அதுவே.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஸ்சியா, அறுவை மருத்துவர் கென்னத் அப்பெல் ஆகியோர் 1965ஆம் ஆண்டில் வேறொரு வழி கண்டனர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் பக்கவாட்டில் திறந்து, ஒன்றோடொன்று தைத்துவிட்டனர். வெளியே குழாய் எதுவும் இல்லை. தமனியின் விசை சிரையுள் பாய, சிரை விரிந்து தடித்து, மீண்டும் மீண்டும் ஊசி ஏற்கும் வலிமை பெற்றது. 1966ஆம் ஆண்டில் இம்முறையை அவர்கள் வெளியிட்டனர். ஹன்டர் காலத்தில் கேடாக இருந்தது, 200 ஆண்டுக்குப் பின் உயிர் காக்கும் முறையாயிற்று.

கழுத்துக் குழாயுடன் வாழ்தல்

கழுத்துக் குழாயின் பெருஞ்சிறப்பு அதன் விரைவு. இன்று பொருத்தினால் இன்றே பயன்படுத்தலாம். மூச்சுத் திணறி, நினைவு மயங்கி வரும் நோயாளிக்கு அதனைப் போன்ற துணை வேறில்லை. ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும் வலியும் இதில் இல்லை.

சில நாள்களுக்கு மட்டும் வைக்கப்படும் குழாய் ஒருவகை. மாதக்கணக்கில் வைக்கப்படுவது மற்றொரு வகை. பின்னதைத் தோலுக்கு அடியில் சிறிது தூரம் சுரங்கம் போலச் செலுத்தி, மார்பில் வெளிக்கொணர்வர். தோலுக்கு அடியில் குழாயைச் சுற்றித் துணி போன்ற ஒரு பட்டை இருக்கும். திசு அதனுள் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். வெளியே இரு கிளைகள் தொங்கும். சிவப்புக் கிளை இரத்தத்தை எடுக்க, நீலக் கிளை திருப்பிச் செலுத்த.

இதன் குறை, அது தோலில் ஒரு திறந்த வழியாக இருப்பதே. குழாயின் உள்நுனி இருதயத்தின் வாயிலருகே நிற்கிறது. தோலின்மேல் வாழும் கிருமி குழாய்வழியே நுழைந்தால், நேரே இரத்தத்தில் கலந்துவிடும். இருதயத்தின் தடுக்கிதழ்களிலும் முதுகெலும்பிலும் சென்று தங்கவும் கூடும். ஆகவே, குழாயைத் திறந்து மூடும்போது நோயாளியும் தாதியும் முகக்கவசம் அணிகின்றனர். சிகிச்சை நிலையத்தார் அன்றிப் பிறர் அதனைத் திறத்தல் கூடாது. கட்டு நனையாமல் காத்தல் வேண்டும். தலையில் நீர் ஊற்றிக் குளித்தல், நீந்துதல், கடலிலும் ஆற்றிலும் மூழ்குதல் ஆகியவற்றைக் கைவிட வேண்டியிருக்கும். அருகில் கத்தரிக்கோல் கொண்டு வருதலும் ஆகாது. மடியில் தவழும் குழந்தை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மற்றொரு குறை வெளியே தெரியாதது. குழாய் நெடுநாள் கிடந்தால், அது உராயும் பெருஞ்சிரை தழும்பேறிக் குறுகிவிடலாம். அப்படிக் குறுகினால், அதே பக்கத்துக் கையில் பின்னர் பிஸ்டுலா அமைத்தாலும் இரத்தம் தடையின்றி இருதயம் சேராது; கை வீங்கும். காறை எலும்பின் அடியே குழாய் செலுத்துவதை மருத்துவர் இன்று பெரிதும் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். இன்றைக்கு உதவும் குழாய் நாளைய வாயிலைக் கெடுத்துவிடக் கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

பிஸ்டுலாவுடன் வாழ்தல்

பிஸ்டுலாவை முதலில் எழுதாத கையில் அமைக்க முயல்வர். வலக்கைப் பழக்கமுள்ள ஓர் ஆசிரியர்க்கு இடக்கையில் அமைந்தால், 4 மணி நேரச் சிகிச்சையின்போதும் நூலைப் புரட்டவும் குறிப்பெழுதவும் வலக்கை விடுபட்டிருக்கும். மணிக்கட்டில் இயலாவிடின் முழங்கையருகே அமைப்பர்.

தைத்தவுடன் அதனைப் பயன்படுத்த முடியாது. சிரை விரிந்து முதிர வேண்டும். அதற்குச் சாதாரணமாக 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். சிலர்க்கு மேலும் ஆகும். முதிர்ந்ததா என்பதை அறிய 6 என்னும் எண்ணை நினைவிற்கொள்வது மருத்துவர் வழக்கம்: 6 வாரத்தில் சிரையின் அகலம் 6 மி.மீ., தோலிலிருந்து ஆழம் 6 மி.மீட்டருக்குள், ஓட்டம் நிமிடத்திற்கு 600 மி.லி.

நல்ல பிஸ்டுலாவின்மீது விரல் வைத்தால், பூனை உறுமுவது போன்ற ஓர் அதிர்வை உணரலாம். காதை வைத்தால் காற்று வீசுவது போன்ற ஓசை கேட்கும். நாள்தோறும் காலையில் இதனைத் தொட்டுப் பார்த்தல் நோயாளியின் கடமை. அதிர்வு நின்றுவிட்டால் இரத்தம் உறைந்துவிட்டது என்று ஐயுற்று, அன்றே மருத்துவமனையை நாட வேண்டும். சில மணி நேரத் தாமதம் பிஸ்டுலாவையே இழக்கச் செய்யலாம்.

அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, வேறு ஊசி போடவோ விடலாகாது. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், கோயிலில் கட்டும் காப்புக் கயிறு ஆகியவற்றை மறுகைக்கு மாற்றிக்கொள்க. அக்கையின்மேல் தலை வைத்து உறங்குதலும், கனத்த பையை மாட்டித் தொங்கவிடுதலும் தவிர்க்கத்தக்கன. இவற்றைக் கடைப்பிடிப்பார்க்கு மற்ற விடுதலை மிகுதி. ஊசித் துளை ஆறியபின் நன்றாகக் குளிக்கலாம், நீந்தலாம், சட்டைக்குள் மறைக்க வேண்டிய குழாய் எதுவுமில்லை. நன்கு அமைந்த பிஸ்டுலா பல ஆண்டுகள் உழைக்கும்.

குறைகளும் உள. முறைக்கு 2 ஊசி, வாரம் 3 முறை என்றால், ஆண்டிற்கு 300க்கு மேற்பட்ட ஊசிகள். அவையும் பருத்த ஊசிகள். மரக்கச் செய்யும் களிம்பு ஓரளவு உதவும். சிரை புடைத்து முடிச்சு முடிச்சாகத் தோன்றுவதால் கூச்சப்படுவோர் பலர். சிலர்க்கு விரல்களுக்குச் செல்ல வேண்டிய இரத்தம் குறைந்து, கை குளிர்ந்து வலிக்கும். இருதயம் நலிந்தவர்க்கு மிகுதியான ஓட்டம் சுமையாகலாம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக, தமனிக்கும் சிரைக்கும் நடுவே செயற்கைக் குழாயொன்றைத் தோலுக்கு அடியில் பதிக்கும் முறையும் உண்டு. பொதுவாக 2 முதல் 4 வாரத்திற்குள் பயன்படும். ஆனால், பிஸ்டுலாவைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும்.

எல்லார்க்கும் ஒன்றே பொருந்துமா?

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் 'பிஸ்டுலாவே முதல்' என்னும் இயக்கம் தொடங்கிற்று. குழாயுள்ளோரைவிடப் பிஸ்டுலா உள்ளோர் நெடுநாள் வாழ்கின்றனர் எனக் கணக்குகள் காட்டியமையே அதன் அடிப்படை. அக்கணக்குகளைக் கவனத்துடன் படித்தல் வேண்டும். முதியோர், இருதயம் நலிந்தோர், அவசர நிலையில் வந்தோர் ஆகியோரே குழாயுடன் மிகுதியாக இருப்பர். அவர்கள் முன்னரே மறைவதற்குக் குழாய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குழாய்வழிக் கிருமி தொற்றுவது உண்மை. வேறுபாடு முழுவதும் அதனாலேயே என்பது மிகை.

மேலும், அமைக்கப்பெறும் பிஸ்டுலா அனைத்தும் முதிர்வதில்லை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 877 பேர்க்குப் புதிதாகப் பிஸ்டுலா அமைத்து, இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்தைப் பாதிப்பேர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். மருந்து உண்டவர், உண்ணாதவர் ஆகிய இரு பிரிவிலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பிஸ்டுலாக்கள், ஆய்வாளர் வகுத்த கால எல்லைக்குள் சிகிச்சைக்கு ஏற்றவாறு முதிரவில்லை. முதுமையாலும் நீரிழிவாலும் தமனி தடித்தவர்க்கு இவ்விடர் மிகுதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநீரகச் செயலிழப்பிற்கு நீரிழிவே தலையாய காரணமாதலின், இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

இவற்றையெல்லாம் எண்ணியே, அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, 'எல்லார்க்கும் பிஸ்டுலா' என்னும் நிலையிலிருந்து சற்று விலகியது. ஒவ்வொருவர்க்கும் அவர் வயது, உடல்நிலை, விருப்பம், மாற்றுச் சிறுநீரகம் பெறும் வாய்ப்பு ஆகியவற்றை நோக்கி, வாழ்க்கைத் திட்டம் ஒன்று வகுத்து, அதற்கேற்ற வாயிலைத் தேர்க என்கிறது. உறவினர் ஒருவர் சில மாதங்களில் சிறுநீரகம் தர இருப்பின், அதுவரை குழாயே போதும் எனலாம். முதுமையால் தளர்ந்தவர், பலமுறை அறுவைக்கு உட்படுவதைவிடக் குழாயுடன் இருத்தலை விரும்பினால், அதுவும் மதிக்கத்தக்கதே. இரத்த வாயிலே வேண்டாத வயிற்றுவழிச் சுத்திகரிப்பும் சிலர்க்கு ஏற்றதாகும். எனினும், பல ஆண்டுகள் எந்திரத்தை நம்பி வாழ வேண்டியவர்க்கும், நல்ல இரத்தக் குழாய் உடையவர்க்கும் பிஸ்டுலாவே சிறந்தது என்பதில் மாற்றம் இல்லை.

காலம் தாழ்த்துவதன் விலை

இங்குதான் நாம் கருத வேண்டிய முதன்மையான செய்தி இருக்கிறது. இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, எந்திரத்தின் அருகே படுக்கும் நாளில் நிகழ்வதன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே அது முடிவாகிவிடுகிறது. சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளரும்போதே, கையில் ஓர் அறுவை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறுகிறார். அந்நாளில் நோயாளி நடமாடுகிறார்; உண்கிறார்; வேலைக்கும் செல்கிறார். "நன்றாகத்தானே இருக்கிறேன், இப்போது எதற்குக் கத்தி?" என்பது அவர் கேள்வி. கையில் பிஸ்டுலா போட்டால் எந்திரம் விரைந்து வந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். பிஸ்டுலா சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வரவிருப்பதற்கு ஆயத்தம் செய்வதே அது.

அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும், ஆற வேண்டும், முதிர வேண்டும், முதல் முயற்சி தோற்றால் மறுமுறை செய்யவும் காலம் வேண்டும். இக்காலத்தை முன்னரே ஒதுக்காதவர், ஒருநாள் கால் வீங்கி, மூச்சு முட்டி, அவசரப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். அன்று அவர்க்கு எஞ்சியிருப்பது கழுத்துக் குழாய் ஒன்றே. அதன்பின் பிஸ்டுலா முதிரும் வரை, மாதக்கணக்கில் கிருமியின் அச்சத்தோடு வாழ நேரிடும்.

ஆதலின், சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று அறிந்த நாள் முதலே கைச் சிரைகளைக் காத்தல் வேண்டும். இரத்தம் எடுக்க வருவோரிடம், "புறங்கையில் எடுங்கள்" என்று கேட்டுக்கொள்க. இதனைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

குடும்பத்தார் அறிய வேண்டுவன

கழுத்துக் குழாயுள்ளவர்க்கு நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருத்தல் தகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. குழாயின் மூடி கழன்றால், கிளையிலுள்ள பிடியை இறுக மூடுக. குழாயே வெளிவந்துவிட்டால், அது இருந்த இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து உதவிக்கு அழைக்க. பிஸ்டுலாவிலிருந்து இரத்தம் பீறிட்டால், அவ்விடத்தை விரலால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அழைக்க. பிஸ்டுலாவின் மேல் தோல் மெலிந்து பளபளத்தாலோ, ஆறாத புண் தோன்றினாலோ, இரத்தம் கசியுமுன்பே காட்டுதல் வேண்டும்.

உங்கள் இல்லத்தில் நீரிழிவோ சிறுநீரகக் குறையோ உடையவர் இருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்குமாறு சொல்லுங்கள்: சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது? எந்திரம் வேண்டிவருமாயின் எவ்வளவு காலத்தில் வேண்டிவரும்? எந்த வாயில் எனக்கு ஏற்றது, அதற்கு எப்போது ஆயத்தம் செய்ய வேண்டும்? நலமாக இருக்கும் நாளில் இக்கேள்விகளைக் கேட்பவர்க்கு, தமக்குரிய வாயிலைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கும்.